லாயத்திலிருந்து வந்த தளபதி: தூசான் லூவெர்த்தூரின் அறிவும் குணமும்



ஒரு தலித் இலக்கிய அமைப்பின் நினைவுப் பொழிவுக்குப் படைத்தளபதி ஒருவரை எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். வாளேந்திய சிலை ஒவ்வொரு சாதிக்கும் ஒன்று என்று நாற்சந்திகள் நிரம்பிவரும் காலம் இது. குதிரைமேல் இருப்பவரை அண்ணாந்து பார்க்கப் பழகிவிட்டோம். அந்தக் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டவர் யார், அதற்கு நோய் வந்தால் மருந்து அரைத்தவர் யார் என்று வரலாறு கேட்பதில்லை. நாம் இன்று பேசப்போகிறவர் குதிரைக்கு மருந்து அரைத்த அடிமையாக இருந்து குதிரைமேல் ஏறியவர்.

கரீபியன் கடலில், இன்று ஹைதி என்று அழைக்கப்படும் நிலப்பகுதி அன்று சான் தொமாங் என்ற பிரெஞ்சுக் குடியேற்றநாடு. ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்குமேல் அங்கிருந்துதான் போனது. சர்க்கரையிலும் பெரும்பங்கு அதனுடையதே. சுமார் ஐந்து லட்சம் கறுப்பின அடிமைகள், முப்பதாயிரம் அளவில் வெள்ளையர், ஏறக்குறைய அதே அளவில் கலப்பினத்தவரும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும். 1685இல் பிரெஞ்சு மன்னன் பிறப்பித்த ‘கறுப்புச் சட்டம்’ அடிமையை அசையும் சொத்து என்று வகுத்திருந்தது. மனிதரை வகுத்து வைக்கும் சட்டநூல்களைப் பற்றி உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்டின் வடபகுதியில் பிரெடா என்ற தோட்டத்தில் 1743ஐ ஒட்டிய ஆண்டொன்றில் தூசான் பிறந்தார். மெலிந்த, நோஞ்சான் பிள்ளை. குச்சி என்று கேலிப்பெயர் வைத்தார்களாம். வளர்ந்தபின் கால்நடைகளைப் பார்த்துக்கொண்டார், தோட்ட நிர்வாகிக்கு வண்டியோட்டினார், மூலிகை கற்றார்.

இவருடைய அறிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஐரோப்பியர் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ரேனால் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயரில் வந்த நூலில், அடிமைகளுக்கு ஒரு தலைவன் எழுவான் என்று எழுதப்பட்டிருந்ததாம். தூசான் அதைப் படித்து, அந்தத் தலைவன் தானே என்று உணர்ந்தாராம். படித்திருக்கலாம், அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அடிமையின் அறிவுக்கு வெள்ளைக்காரர் ஒருவரின் புத்தகத்தைத் தகப்பனாக்கினால்தான் மனம் ஆறும் என்பது ஒரு நோய். நம் தலைவர்களின் பின்னாலும் எங்காவது ஒரு மேல்சாதி வாத்தியாரைத் தேடிப்பிடித்து உட்கார வைக்கிறவர்களை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அவர் செய்த வேலைகளையே எண்ணிப் பாருங்கள். வண்டியோட்டிக்கு ஒவ்வொரு பாதையும் ஆற்றுத்துறையும் மலைக்கணவாயும் தெரியும். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து எசமானர்கள் பேசும் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். கால்நடை பார்ப்பவருக்கு எந்த விலங்கு எவ்வளவு தூரம் ஓடும், எங்கே படுத்துவிடும் என்று தெரியும். மருந்தறிந்தவருக்கு எந்தப் பருவத்தில் எந்தக் காய்ச்சல் வரும் என்று தெரியும். போர்க்கலை என்று அகாதமிகளில் கற்றுக்கொடுக்கப்படுவதில் பாதி இதுதான்: பாதை, செய்தி, விலங்கு, பருவம். இழிந்த வேலை என்று ஒதுக்கப்பட்டதற்குள் இருக்கும் அறிவை எதிரி எண்ணிப் பார்ப்பதில்லை. அவனுக்கு அது தெரியாமலிருந்ததே தூசானின் முதல் ஆயுதம்.

1791 ஆகஸ்டில் வடபகுதி அடிமைகள் எழுந்தார்கள். கரும்புத் தோட்டங்கள் எரிந்தன. தூசான் சில வாரங்கள் பொறுத்திருந்தே கிளர்ச்சிப் படையில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் பொறுப்பு மருத்துவம். பிறகு ஸ்பெயினின் படையில் சேர்ந்து பிரான்சை எதிர்த்தார். 1794 பிப்ரவரி 4இல் பிரெஞ்சுக் குடியரசு அடிமைமுறையை ஒழித்தது. ஸ்பெயினும் பிரிட்டனும் ஒழிக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் அவர் பிரான்சின் பக்கம் மாறினார். துரோகி, சந்தர்ப்பவாதி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எந்தக் கொடி என்பது அவருக்குப் பொருட்டில்லை, அடிமைமுறை எங்கே நிற்கிறது என்பதே பொருட்டு என்று பார்த்தால் அந்த மாற்றம் நேர்கோடாகத் தெரியும். 1798இல் பிரிட்டிஷ் படை வெளியேறியது. பல்லாயிரம் சிப்பாய்களை அது மஞ்சள் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தது. 1801இல் தீவு முழுவதும் அவர் கையில்.

அவருடைய குணத்துக்கு வருவோம். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

மனதில் உள்ளதை முகத்தில் காட்டாதவர் அவர். கடிதங்களைப் பல எழுத்தர்களிடம் சொல்லி எழுதவைத்துத் தாம் நினைத்த பொருள் வரும்வரை திருத்துவார். எசமானன் முன் நிற்கும் அடிமைக்கு இந்த மறைப்பு உயிர்க்காப்பு. தளபதிக்கு அது பெரும் பலம். ஆள்பவருக்கு?

1791 டிசம்பரில், கிளர்ச்சித் தலைவர்கள் வெள்ளையரோடு பேச்சு நடத்தியபோது, தலைவர்கள் நானூறு பேருக்கு விடுதலை கொடுத்தால் மற்றவர்களை வேலைக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள். அந்த எண்ணிக்கையை அறுபதாகக் குறைக்க இசைந்தவர்களில் தூசானும் ஒருவர். தோட்ட முதலாளிகளின் ஆணவம் அதையும் மறுத்தது. இன்னொன்றும் உண்டு. அவர் 1791இல் அடிமையாக இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே விடுதலை பெற்றிருந்தார். 1779இல் பதின்மூன்று அடிமைகளோடு ஒரு காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார் என்பதை 1977இல் ஆய்வாளர்கள் ஆவணங்களோடு வெளியிட்டார்கள். இதைச் சொன்னால் தலைவரின் மதிப்பு குறையுமே என்று பதறுகிற தோழர்கள் உண்டு. குறையட்டும். அறுபது பேருக்குப் பேரம் பேசியவர் இரண்டே ஆண்டுகளில் அனைவருக்கும் விடுதலை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதல்லவா கவனிக்க வேண்டியது? அந்த இடத்துக்கு அவரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் வயல்களில் எழுந்து நின்ற ஆயிரமாயிரம் பேர்.

1801 ஜூலையில் அவர் வெளியிட்ட அரசியல் சட்டம், இந்த மண்ணில் அடிமை இருக்க முடியாது என்று அறிவித்தது. அதே சட்டம் அவரை ஆயுள்கால ஆளுநர் ஆக்கியது. உழைப்பாளிகளை வெளியிலிருந்து கொண்டுவரவும் வழி வைத்தது. அதற்கு முன்பே, 1800 அக்டோபரில், விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டங்களுக்கே திரும்பிப் படைக் கட்டுப்பாட்டில் உழைக்க வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். சிறு துண்டு நிலம் வாங்கிப் பிரிந்துபோவதையும் தடுத்தார். ஏற்றுமதி இல்லாவிட்டால் துப்பாக்கி இல்லை, துப்பாக்கி இல்லாவிட்டால் அடிமைமுறை திரும்பி வரும் என்பது அவருடைய கணக்கு. கணக்கில் பிழை இல்லை. ஆனால் கரும்பு வெட்டியவருக்கு விடுதலை என்றால் தனக்கென்று ஒரு துண்டு நிலம். நிலமில்லாத விடுதலை எப்படி இருக்கும் என்று நம் பாட்டன் பாட்டிகள் அறிவார்கள்.

1801 அக்டோபரில் வடபகுதி உழைப்பாளிகள் மறுபடி எழுந்தார்கள். அவர்கள் முழங்கிய பெயர் மோயீஸ். தூசான் மருமகனாக ஏற்றுக்கொண்டவர், வடபகுதியின் தளபதி, வெள்ளையருக்காகத் தம் மக்களை வாட்ட முடியாது என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தவர். தூசான் அவரைச் சுட்டுக் கொல்லச் செய்தார்.

சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1938இல் எழுதிய ‘கறுப்பு ஜேக்கபின்கள்’ என்ற பெருநூலில், தூசான் தம் நோக்கத்தை மக்களுக்கு விளக்கத் தவறினார் என்பதையே அவருடைய பெரும் குறையாகக் காண்கிறார். ஜேம்ஸிடம் நாம் கற்றது ஏராளம். இந்த இடத்தில் மட்டும் நமக்கு உடன்பாடில்லை. மக்கள் அவரைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. நன்றாகவே புரிந்துகொண்டார்கள். காலையில் மணியடித்ததும் வயலுக்குப் போகச் சொல்பவர் யாராக இருந்தாலும் அந்த மணியின் பொருள் அவர்களுக்குத் தெரியும்.

1801 டிசம்பரில் நெப்போலியன் தன் தங்கை கணவன் லெக்லேர் தலைமையில் இருபதாயிரம் அளவிலான படையை அனுப்பினான். தூசானின் போரறிவு அப்போதும் மங்கவில்லை. ஊர்களை எரியுங்கள், பாதைகளைக் கெடுங்கள், மழைக்காலம் வரும்வரை தாங்குங்கள், மிச்சத்தைக் காய்ச்சல் பார்த்துக்கொள்ளும் என்ற பொருளில் தளபதி தெசலீனுக்கு எழுதினார். மருந்து அரைத்தவரின் கணக்கு அது. லெக்லேரே 1802 நவம்பரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தான். ஆனால் மோயீஸைக் கொன்று மூன்று மாதங்கூட ஆகாத நிலையில், வடபகுதி மக்கள் தூசானுக்காக முழு மனதோடு எழவில்லை. தளபதிகள் ஒருவர்பின் ஒருவராக எதிரியிடம் போனார்கள். 1802 மே மாதத்தில் அவரும் பணிந்தார். ஜூன் 7இல், பேசலாம் வாருங்கள் என்று ஒரு பிரெஞ்சுத் தளபதி எழுதிய கடிதத்தை நம்பிப் போய்ப் பிடிபட்டார். வாழ்நாள் முழுக்க யாரையும் எளிதில் நம்பாதவர்.

பிரான்சின் ஜூரா மலையில் ஜூ கோட்டையில் அடைத்தார்கள். அங்கிருந்து நெப்போலியனுக்குத் தம் கைப்பட ஒரு நினைவுக்குறிப்பு எழுதினார், காதில் விழுகிறபடியே எழுத்துக்கூட்டிய பிரெஞ்சில். தம் தோலின் நிறம் தம் மானத்துக்கும் வீரத்துக்கும் எந்த வகையில் தடை என்று அதில் கேட்கிறார். விடுதலை கிடைக்கவில்லை. 1803 ஏப்ரல் 7இல் அந்தக் குளிரில் இறந்தார்.

மாணவ நண்பர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தூசான் கப்பலேறிய பின் சில மாதங்கள் தெசலீனும் கிறிஸ்தோஃபும் லெக்லேரின் படையில்தான் இருந்தார்கள். குவாதலூப் தீவில் அடிமைமுறை திரும்பிவிட்டது என்ற செய்தி பரவியபோது, மலைகளில் போரை அணையவிடாமல் வைத்திருந்தவை பெரும்பாலும் தோட்ட உழைப்பாளிகளின் சிறு கூட்டங்கள். மக்காயா, சில்லா, சான் சூசி என்று சில பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தளபதிகள் அக்டோபரில்தான் திரும்பி வந்தார்கள். வந்த பிறகும் சான் சூசி கிறிஸ்தோஃபின் தலைமையை ஏற்க மறுத்தார். கிறிஸ்தோஃப் அவரைக் கொன்றார். 1804 ஜனவரி 1இல் ஹைதி விடுதலையை அறிவித்தது.

பிரான்சு மற்றத் தீவுகளில் 1848இல்தான் அடிமைமுறையை ஒழித்தது. வயல்களுக்கு ஆள் வேண்டுமே. 1850களில் பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பல்கள் புறப்பட்டன. நம் சேரிகளிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஆட்கள் ஏறினார்கள். ஹைதிக்கு அந்தக் கப்பல்கள் போகவில்லை.