துருவப் பனியும் எமது குடாநாடும்

மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர ஆறொன்று இல்லாதது யாழ்ப்பாணக் குடாநாடு. பனிக்கட்டியை இங்கே எவரும் நிலத்திற் கண்டதில்லை. ஆயினும், இந்நிலம் இன்றைய உருவம் பெற்றமைக்குத் தொலைதூரத்துப் பனிக்கட்டியே பெருங் காரணமாயிற்று என்பது புவிச்சரிதவியலார் கண்ட உண்மை. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது கிணறுகளை வெட்டுவோர் செம்மண்ணைக் கடந்ததும் சுண்ணாம்புக்கல்லைக் காண்கின்றனர். அக்கல்லிற் சிப்பிகளும் கடலுயிர்களின் எச்சங்களும் பதிந்துள்ளன. மயோசீன் காலம், அதாவது இற்றைக்கு ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமற்ற கடலின் அடியிற் படிந்த பாறை இது. வேலண்டு, டேவிஸ் என்னும் அறிஞர் இருவர் இலங்கையின் மயோசீன் படிவுகளை ஆராய்ந்து 1923 ஆம் ஆண்டில் விரிவாக எழுதினர். கடலில் தோன்றிய இந்நிலம் பின்னர்க் கடலினின்று மேலெழுந்தது. அதன் பின்னரும் கடல் பலமுறை தாழ்ந்தும் உயர்ந்தும் கரையை மாற்றிற்று.

கடல் அவ்வாறு தாழவும் உயரவும் காரணம் யாது? சுவிற்சலாந்து அறிஞர் லூயி அகாசி, முன்னொரு காலத்திற் பனிக்கட்டி ஐரோப்பாவின் பெரும்பகுதியை மூடியிருந்தது என்று 1840 இல் நூலெழுதி நிறுவ முயன்றார். அத்துணைப் பனிக்கட்டிக்கும் வேண்டிய நீர் கடலிலிருந்தே சென்றிருத்தல் வேண்டும். ஆகவே அக்காலத்திற் கடல்மட்டம் பெரிதுந் தாழ்ந்திருக்கும் என்று ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த சாள்ஸ் மக்லாறன் சில ஆண்டுகளுள் எடுத்துக்காட்டினார். அவர் கருத்துச் சரியானதே. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் முன்னர், பனிக்கட்டி மிகப் பரந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது.

பாக்குநீரிணையோ பெரும்பாலும் 15 மீற்றர் ஆழமும் இல்லாதது. எனவே அன்று அது வறண்ட சமவெளியாய் இருந்தது. நெடுந்தீவும் நயினாதீவும் புங்குடுதீவும் அச்சமவெளியின் சிறு மேடுகளாய் இருந்தன. ஒருவர் கால் நனையாமல் இராமேசுவரத்திற்குச் சென்றிருத்தல் கூடும். இரத்தினபுரியின் இரத்தினக்கற் குழிகளில் பி. ஈ. பி. தெரணியகல கண்டெடுத்து ஆராய்ந்த நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள், பண்டு விலங்குகள் இந்நிலவழியாகவே வந்தன என்பதற்குச் சான்றாகும். பின்னர்ப் பனி உருகிற்று, கடல் ஏறிற்று. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கும் 7,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிலவழி நீருள் மறைந்தது. எமக்கும் தமிழகத்துக்கும் இடையே கிடக்கும் கடல் பனி உருகிய நீரால் உயர்ந்த கடலே.

பழைய உரைகள் கூறும் கடல்கோட் செய்திகளை இதனோடு இணைத்தல் எளிது. ஆயினும் இவ்வேற்றம் ஒருநாளில் நிகழ்ந்ததன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்தது. மரபுச் செய்தியை மரபாகவும் பாறையின் சான்றைச் சான்றாகவும் கொள்வதே வரலாறு கற்பார்க்கு முறையாகும்.

அன்றைய பனிக்கட்டியின் எச்சமாக இன்று கிறீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் இரு பெருங் கவிப்புகள் உள. கிறீன்லாந்துக் கவிப்பின் பரப்பு ஏறத்தாழ 17 இலட்சம் சதுர கிலோமீற்றர். தடிப்பு சில இடங்களில் 3 கிலோமீற்றருக்கும் மேல். அதன் பாரத்தால் நடுநிலம் கிண்ணம்போல் அமிழ்ந்துள்ளது. அங்குக் காம்ப் செஞ்சரி என்னுமிடத்தில் அமெரிக்கர் 1966 இல் ஏறத்தாழ 1,390 மீற்றர் துளைத்து அடிநிலத்தை அடைந்தனர். அடியிலிருந்து எடுத்த மண் பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதனை மீண்டும் ஆராய்ந்தோர் அதிற் சுள்ளிகளும் இலைகளும் இருத்தலை 2021 இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 4 இலட்சம் ஆண்டுகளின் முன்னர் அவ்விடம் பனியற்றிருந்தது என 2023 இல் அறியப்பட்டது. பெருங் கவிப்பும் உருகக்கூடியதே என்பதை இம்மண் உணர்த்துகின்றது.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். ஆட்டிக் சமுத்திரத்தில் மிதக்கும் பனி உருகினாற் கடல்மட்டம் குறிப்பிடத்தக்கவாறு உயராது. நிலத்தின்மீதுள்ள பனி உருகிக் கடலிற் சேர்ந்தாலே உயரும். செய்மதிகள் 2002 முதல் அளந்தவாறு, கிறீன்லாந்து ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 27,000 கோடி தொன் பனியை இழந்து வருகின்றது. இதனாலும், வெப்பத்தாற் கடல்நீர் விரிவதாலும், மலைப் பனிக்கட்டியாறுகள் தேய்வதாலும் 1901 க்கும் 2018 க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்தது. முந்திய உருக்கம் இயற்கையின் செயல். இன்றைய உருக்கத்துக்கு மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயுமே முதற் காரணம்.

இது எம்மை எவ்வாறு தாக்கும்? எமது நன்னீர், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கூடான சான்று. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நிற்கும் என்பது விதி. மேலே சிறிது குறையின் கீழே பெரிது குறையும். துலாவால் இறைத்த காலத்தில் மனித வலுவே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று. உண்மையைச் சொல்லின், இதுவரை எமது கிணறுகள் உவர்த்தமைக்குத் துருவப் பனியிலும் எமது மிகையிறைப்பே பெருங் காரணம். ஏறிவரும் கடல் அத்தீங்கை மிகுவிக்கும். கடனீரேரிகள் உள்ளே புகுந்து கிடக்கும் தாழ்நிலங்களும் தீவுப்பகுதியும் முதலில் அதனை உணரும்.

தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீரைத் தடுக்க அணைகள் அமைக்கப்பட்டன. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி அந்நீரைக் குடாநாட்டுக்குக் கொணரும் திட்டத்தைப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950 களில் முன்வைத்தார். எம் முன்னோர் ஊர்தோறும் குளந்தொட்டு மாரிநீரைத் தேக்கினர். அக்குளங்களைத் தூர்வார்தலும், வேண்டிய அளவே இறைத்தலும் எம்மால் இயல்வன. துருவத்துப் பனியைக் காத்தல் உலகத்தார் அனைவரும் கூடிச் செய்யவேண்டிய பணி. வளவிலுள்ள கிணற்றைக் காத்தல் எம் கடன்.