செப்சிஸ்: ஒவ்வொரு மணி நேரமும் உயிர்... மருத்துவமனைக்கு விதி போட்டால் என்ன மாறும்?

காஞ்சிபுரத்தில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. ஏனாத்தூரில் மீனாட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, நகருக்குள் அரசு தலைமை மருத்துவமனை என எல்லாமே பக்கம்தான். ஆனால், செப்சிஸ் விஷயத்தில் மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. உள்ளே போன பிறகு எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கும்.

செப்சிஸ்னா என்ன?

கிருமித்தொற்றோடு போராடும் உடல், கட்டுப்பாட்டை இழந்து தன் உறுப்புகளையே சேதப்படுத்தும் நிலை. 'ரத்தத்துல விஷம் ஏறிடுச்சு' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நிமோனியா, சிறுநீர்த் தொற்று, பிரசவத்துக்குப் பிந்தைய தொற்று, சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண் என எதிலிருந்தும் தொடங்கலாம். கீமோதெரபி எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

2017-ல் உலகம் முழுக்க 4.89 கோடி பேருக்கு செப்சிஸ் வந்தது, 1.1 கோடி பேர் இறந்தார்கள் என்கிறது 'லான்செட்' இதழில் வந்த மதிப்பீடு. ஏறத்தாழ ஐந்து மரணங்களில் ஒன்று!

ஒரு சிறுவனின் பெயரில் விதிகள்

2012-ல் நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயது ரோரி ஸ்டான்டனுக்குப் பள்ளியில் விளையாடும்போது கையில் சிராய்ப்பு. மறுநாள் காய்ச்சல், வாந்தி. 'வயிற்றுக் கோளாறு' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது அதன் பிறகுதான். ஏப்ரல் 1-ம் தேதி ரோரி இறந்துபோனான்.

பெற்றோர் விடாமல் போராட, 2013-ல் நியூயார்க் மாநிலம் 'ரோரி விதிகளை'க் கொண்டுவந்தது. செப்சிஸ் என்று தெரிந்தால் மூன்று மணி நேரத்துக்குள் ரத்த கல்ச்சர் எடுக்க வேண்டும், லாக்டேட் அளவு பார்க்க வேண்டும், ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்தார்களா, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்கை அரசிடம் கொடுக்க வேண்டும். குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் முக்கியமான பரிசோதனை முடிவுகளைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

பலன் கிடைத்ததா?

149 மருத்துவமனைகளின் 49,331 நோயாளிகளை ஆராய்ந்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியானது. இந்தச் சிகிச்சைகளை முடிக்க ஆகும் ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் இறப்பு அபாயம் சுமார் 4% கூடியது. 2019-ல் வந்த இன்னொரு ஆய்வில், நியூயார்க்கில் செப்சிஸ் இறப்பு 26.3%-லிருந்து 22%-ஆகக் குறைந்திருந்தது. விதி இல்லாத மற்ற நான்கு மாநிலங்களிலும் இறப்பு குறைந்ததுதான். ஆனால், நியூயார்க்கில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது.

ஒரு பயமும் உண்டு. கடிகாரத்துக்குப் பயந்து, சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் போட்டுவிட்டால்? மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஏற்கெனவே நம் நாட்டில் பெரிய தலைவலி. அதனால் 'சீக்கிரம் கொடு' என்பதோடு, 'கல்ச்சர் முடிவு வந்ததும் மருந்தை மாற்று அல்லது நிறுத்து' என்பதும் விதியில் இருக்க வேண்டும்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அது முக்கியமாகப் பார்ப்பது பதிவு, இடம், பணியாளர், வசதிகளை. 'செப்சிஸ் நோயாளிக்கு முதல் டோஸ் எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?' என்று கேட்பதில்லை.

அப்படிக் கேட்பது நமக்குப் புதிதல்ல. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், எங்கே தாமதம் என்று இங்கே தணிக்கை நடக்கிறது. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. செப்சிஸுக்கும் அதே நேரக்கணக்கு வேண்டும் என்பதுதான் கேள்வி. 2017-ல் உலக சுகாதார சபையும் உறுப்பு நாடுகளிடம் செப்சிஸை சுகாதாரத் திட்டங்களில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது.

விதி வரும்வரை நாம் செய்ய வேண்டியது

தொற்றோ காய்ச்சலோ இருக்கும்போது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள்:

- குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் தெளியாத மயக்கம்
- வேகமான மூச்சு, மூச்சுத்திணறல்
- நாள் முழுக்க சிறுநீர் போகாமல் இருப்பது
- தோல் வெளிறுவது, திட்டுத்திட்டாக நிறம் மாறுவது
- கடும் நடுக்கம் அல்லது உடல் சில்லிட்டுப்போவது

மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: 'டாக்டர், இது செப்சிஸா இருக்குமா?' டிஸ்சார்ஜ் ஆகும்போது, 'எல்லா டெஸ்ட் ரிசல்ட்டும் வந்துடுச்சா?' என்றும் கேளுங்கள். ரோரியின் வீட்டில் அந்த முடிவு கைக்கு வராமலே போனது.