பாறைக்குக் காவல் நின்ற நட்சத்திர மீன்

1963-இல், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையிலுள்ள மக்கா விரிகுடாவில், கடல் வற்றும் நேரம் பார்த்து சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் கடப்பாரையோடு பாறைக்கு இறங்கினார். அங்கே ஒட்டியிருந்த ஊதா, காவி நிற நட்சத்திர மீன்களை நெம்பியெடுத்து ஆழத்தில் வீசினார். சுமார் 8 மீட்டர் நீளத்துக்கு மட்டும்தான். பக்கத்துப் பாறையைத் தொடவில்லை. திரும்பத் திரும்ப வந்து, புதிதாக ஏறியவற்றையும் அகற்றினார்.

தாவரந்தின்னிகளை வேட்டையாடிகள் அடக்கி வைப்பதால்தான் நிலம் பசுமையாக இருக்கிறது என்று 1960-இல் அவருடைய ஆசிரியர் பிரெட் ஸ்மித்தும் இரு சகாக்களும் எழுதியிருந்தார்கள். ஆசிரியர் ஏட்டில் வாதிட்டதை மாணவர் கரையில் சோதித்தார்.

இந்த நட்சத்திர மீனுக்குப் பிடித்த இரை மட்டி. குழாய்க்கால்களால் ஓட்டைப் பற்றி விடாமல் இழுக்கும். மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் போதும், தன் இரைப்பையையே வெளியே தள்ளி ஓட்டுக்குள் நுழைத்து, சதையை அங்கேயே செரித்துவிடும். இப்படிப்பட்ட வேட்டையாடி ஒழிந்தால் மற்ற உயிர்கள் பெருகும் என்றுதானே தோன்றும்? நடந்தது நேர்மாறு. முதலில் கொட்டலசுகள் பாறையைப் பிடித்தன. பிறகு மட்டிகள் அவற்றையும் நெருக்கிக்கொண்டு கீழிறங்கின. பாசிக்கும் நத்தைக்கும் ஒண்ட இடமில்லை. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின.

1966-இல் இதை வெளியிட்ட பெய்ன், 1969-இல், ஒன்று போனால் மற்றவையும் நிலைகுலையும் அத்தகைய உயிரினத்துக்குக் கல்வளைவின் உச்சிக்கல்லை வைத்துப் பெயர் சூட்டினார். அருகிலிருக்கும் டட்டூஷ் தீவு மக்கா பழங்குடியினருக்குச் சொந்தமானது. அவர்கள் இசைவோடு அங்கே பல பத்தாண்டுகள் உழைத்தார்.

அவர் ஒரு பாறையில் செய்ததை 2013-இல் ஒரு நோய் கண்டத்தின் மேற்குக் கரை நெடுகிலும் செய்தது. மெக்சிகோ முதல் அலாஸ்கா வரை 20-க்கும் மேற்பட்ட இனங்கள் தாக்கப்பட்டன. கைகள் முறுக்கிக் கழன்று, உடல் கூழாகக் கரைந்தது. மிகப் பெரிய இழப்பு, 24 கைகள் வரை வளரும் சூரியகாந்தி நட்சத்திர மீனுக்கு. அதில் சுமார் 90 விழுக்காடு மடிந்தது. 2020-இல் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு இரையாகும் ஊதாக் கடல் முள்ளெலிகள் கட்டுக்கடங்காமல் பெருகி, வட கலிபோர்னியாவின் கெல்ப் பாசிக் காடுகளை மொட்டையடித்தன. கடல் வெப்பமும் சேர்ந்துகொள்ள, அந்தக் காடுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது.

நோய்க்குக் காரணம் விப்ரியோ வகைப் பாக்டீரியா என்று 2025-இல்தான் கண்டறிந்தார்கள். வாஷிங்டனின் ஃபிரைடே ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் சூரியகாந்தி நட்சத்திர மீன்களைக் குஞ்சிலிருந்து வளர்த்து வருகிறார்கள். கிருமி எதுவென்று தெரிந்துவிட்டதால், கடலில் விடும் முன் அவற்றைச் சோதித்துப் பார்க்க இனி வழியிருக்கிறது.