முதலில் வந்தும் பறிபோன வெற்றி: குதிரை வண்டிப் பந்தயத்தில் இடையூறு விதி என்ன?

அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள மெடோலேண்ட்ஸ் ஓடுதளத்தில் 2017 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நடைபெற்ற ஹாம்பிள்டோனியன் பந்தயத்தில் 'வாட் தி ஹில்' என்ற குதிரை எல்லைக்கோட்டை முதலில் கடந்தது. பரிசுத்தொகை 10 லட்சம் டாலர். எனினும், 'கார்டியன் ஏஞ்சல் ஏஎஸ்' என்ற குதிரைக்கு அது இடையூறு விளைவித்ததாக நடுவர்கள் முடிவு செய்து, 9-ஆவது இடத்துக்குத் தள்ளினர். ஆகே ஸ்வான்ஸ்டெட் ஓட்டிய 'பெர்ஃபெக்ட் ஸ்பிரிட்' வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

இவ்வகைப் பந்தயத்தில் ஓட்டுநர் குதிரை மீது அமர்வதில்லை. அது இழுக்கும் இரு சக்கர வண்டியில் அமர்ந்து செலுத்துகிறார். குதிரை சீரான துள்ளுநடையிலேயே ஓட வேண்டும். நாலுகால் பாய்ச்சலுக்கு அனுமதி இல்லை. முன்செல்லும் வண்டியின் சக்கரத்தில் கால் பட்டாலே நடை குலைந்து, வெற்றி வாய்ப்பு போய்விடும். இடையூறு விதி கடுமையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

புகார் எழுந்தால் நடுவர்கள் காணொலிப் பதிவை ஆராய்ந்த பின்னரே முடிவை உறுதி செய்வர். இடையூறு செய்த குதிரை, பாதிக்கப்பட்ட குதிரைக்குப் பின்னால் வைக்கப்படுவது வழக்கம். ஓட்டுநருக்கு அபராதமோ, சில நாள் தடையோ தனியே விதிக்கப்படலாம். தவறு ஓட்டுநருடையது என்றாலும், பரிசுத்தொகை பறிபோவதால் பேரிழப்பு என்னவோ குதிரையின் உரிமையாளருக்குத்தான்.