ஆறு, ஏழு, எட்டு: ஆர்.சி. நடுநிலைப் பள்ளி காத்துவரும் மூன்று ஆண்டுகள்

தமிழகத்தில் பங்குக் கோயில் உள்ள ஊர்களில், கோயில் மதிலை ஒட்டியே 'ஆர்.சி. நடுநிலைப் பள்ளி' என்ற பெயர்ப்பலகையைப் பல இடங்களில் காணலாம். முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அங்கே நடக்கும். நிர்வாகம் கத்தோலிக்க மறைமாவட்டத்தினுடையது அல்லது துறவற சபையினுடையது. ஆசிரியர் ஊதியம் அரசு மானியத்திலிருந்து வருகிறது. பாடநூலும் அரசு தருவதே. இப்பள்ளிகளுக்கு மலர் வெளியிடும்போது, கட்டடம் எழுப்பிய குருக்களையும் உயர்பதவிக்குப் போன பழைய மாணவர்களையும் நினைவுகூர்வது வழக்கம். அது செய்ய வேண்டியதுதான். ஆனால் இப்பள்ளிகள் செய்த தலையாய பணி, ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளையும் பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தில் வைத்திருந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதன் வேர் பழையது. 1844இல் புதுச்சேரியில் கூடிய சினட், பள்ளிகளைத் திறப்பதை மறைப்பணியின் முதன்மைக் கடமைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் துப்புயி அடிகளார், பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்காகவே தூய இருதய மரியன்னை சபையைப் புதுச்சேரியில் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. 1854இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரும் முறையைப் பரிந்துரைத்தது. அந்த மானியத்தின் துணையோடுதான் கோயில் திண்ணைகளில் நடந்த வகுப்புகள் முறையான பள்ளிகளாக வளர முடிந்தது.

ஊர்ப் பெரியவர்கள் இன்றும் 'ஹையர் எலிமெண்டரி' என்று சொல்லும் பள்ளிகளே பிற்காலத்தில் நடுநிலைப் பள்ளிகள் ஆயின. எட்டாம் வகுப்பின் முடிவில் அரசு நடத்திய இ.எஸ்.எல்.சி. தேர்வு அன்று ஒரு பெரிய வாசல். அதில் தேறியவர் ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாம். 'ஹையர் கிரேடு' ஆசிரியராகத் திரும்பி வரலாம். எட்டாவது வரை தன் ஊரை விட்டு வெளியே படிக்கப் போகாத ஒரு பெண், பயிற்சி முடித்து அதே ஊருக்கு டீச்சராக வர அந்தச் சான்றிதழ் வழி திறந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றிருந்தால் அவளுடைய படிப்பும் அங்கேயே நின்றிருக்கும். பெண் பூப்பெய்தும் வயதும் பெரும்பாலும் இந்த மூன்று ஆண்டுகளுக்குள்தான் வருகிறது. பேருந்தேறி வெளியூர் போகவேண்டிய பள்ளியாக இருந்தால் தயங்கும் பெற்றோர்கூட, 'சிஸ்டர் பாத்துக்குவாங்க' என்று கோயில் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்த நம்பிக்கையை எந்தப் புள்ளிவிவரத்திலும் அளக்க முடியாது.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை, இப்பள்ளிக்கும் பக்கத்து ஒன்றியப் பள்ளிக்கும் வேறுபாடு இல்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல்; 2012–13இல் முப்பருவ முறை வந்ததும் இரண்டுக்கும் ஒன்றாகத்தான். வேறுபாடு மறைக்கல்விப் பாடவேளையில் இருக்கிறது. அந்த நேரத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும், மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து போவார்கள். அரசு உதவி பெறும் நிறுவனத்தில், பெற்றோரின் இசைவு இன்றி எந்தப் பிள்ளையையும் சமய போதனையில் பங்கேற்கச் செய்யக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தின் அந்த வரிக்கு வகுப்பறையில் உருவம் கொடுப்பது இந்தப் பிரிந்து போதல்தான்.

மறைக்கல்வியும் காலத்தோடு மாறி வந்தது. கேள்வியும் பதிலுமாக அமைந்த 'குறிப்பிடம்' என்ற பழைய மறைக்கல்வி நூலை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் வழக்கம், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் தளர்ந்தது. விவிலியக் கதை, பாட்டு, செயல்பாடு என்று பாடம் விரிந்தது. நன்னெறி வகுப்புக்கோ அத்தனை அக்கறை கிடைக்கவில்லை. தேர்வு நெருங்கினால் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் முதலில் எடுத்துக்கொள்ளப்படும் பாடவேளை அதுதான். பெரும்பான்மைப் பிள்ளைகள் பிற சமயத்தவராக உள்ள பள்ளிகளில் இது சிறிய இழப்பு இல்லை. அவர்களுக்கென்று நல்ல பாடநூலும், பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டும்.

வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் கற்பது இன்னும் அதிகம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், செய்தி வாசிப்பு, செபம் எல்லாம் ஒரே மைக்கில் நடக்கும். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் எழுந்து நின்று மூவேளைச் செபம் சொல்லும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு. கரும்பலகையில் பாதி எழுதிய பின்னக் கணக்கு அப்படியே நிற்கும். செபம் சொல்லாத பிள்ளையும் மரியாதைக்காக எழுந்து நிற்கும். கிறிஸ்துமஸ் நாடகத்தில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிய இடையர்களில் யார் எந்தச் சமயம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

இப்பள்ளிகளில் நடக்கும் மாணவர் இயக்கங்களில் என் மனத்துக்கு நெருக்கமானது இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம். பெல்ஜியத்தில் இளம் தொழிலாளர்களிடையே பணியாற்றிய கார்தைன் அடிகளார் வகுத்த 'பார், ஆராய், செயல்படு' என்ற முறையே அதன் அடிப்படை. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவானின் சமூகச் சுற்றுமடலும் அம்முறையை ஏற்றுக்கொண்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, தெருக்குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை, யாரிடம் மனுக் கொடுக்கலாம் என்று பேசுவதைவிடச் சிறந்த குடிமையியல் பாடத்தை நான் அறியேன்.

இன்று இந்த மூன்று வகுப்புகளே அரசுத் திட்டங்களின் இடைவெளியில் சிக்கியிருக்கின்றன. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஒரே வீட்டிலிருந்து சேர்ந்து வரும் தங்கை தட்டோடு உட்காருகிறாள். ஆறாம் வகுப்பு அண்ணன் மதிய உணவு வரை காத்திருக்கிறான்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் 2020ஆம் ஆண்டுச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளியில் சேர்ந்தவருக்கும் அதில் இடம் உண்டு. ஆர்.சி. நடுநிலைப் பள்ளியில் எட்டு முடித்து, ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி போகும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இல்லை. இது தெரிந்த பெற்றோர் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகஸ்ட் 1ஆம் தேதிக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் போய்விடுகிறது.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. உயர்கல்வி பயிலும் மாணவிகளுக்கு மாத உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டமும் முதலில் அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மட்டுமே இருந்தது. 2024 டிசம்பரில் அது அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. அதே அளவுகோலை 7.5 விழுக்காட்டுக்கும் பொருத்தும்படி, எல்லா மறைமாவட்டங்களின் ஆர்.சி. பள்ளிக் கண்காணிப்பாளர்களும் ஒன்றுகூடி, மற்ற உதவிபெறும் பள்ளி நிர்வாகங்களையும் சேர்த்துக்கொண்டு, அரசிடம் கேட்க வேண்டும். அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்கும் முன்பே கேட்க வேண்டும்.