இன்டர்செப்டர்: எஞ்சினிலிருந்து காருக்கு ஏறிய பெயர்

அமெரிக்கப் பழைய போலீஸ் கார்களில் ஆர்வமுள்ளவர்கள் ‘இன்டர்செப்டர்’ என்றால், கதவில் நட்சத்திரம் பொறித்த முழுக் காரையே நினைப்பார்கள். ஃபோர்டு நிறுவனம் இந்தப் பெயரைப் போலீசுக்குக் கொண்டுவந்தபோது அது காருக்கு வைத்த பெயரல்ல. பானெட்டுக்குள் இருந்த எஞ்சினின் பெயர்.

சொல்லின் வேர் இலத்தீன்: ‘இன்டர்’ என்றால் இடையே, ‘காபெரே’ என்றால் பிடித்தல். குறுக்கே புகுந்து மறிப்பது. இதை எந்திரத்தின் பெயராகப் பரப்பியவர்கள் விமானப்படையினர். எதிரியின் குண்டுவீச்சு விமானம் இலக்கை எட்டுமுன் விரைந்து மேலேறி மறிக்கும் சண்டை விமானமே இன்டர்செப்டர். 1931-ல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்த ஹாக்கர் ஃப்யூரி இந்த வகை. நேர்மட்டப் பறத்தலில் மணிக்கு 200 மைலைத் தாண்டிய அப்படையின் முதல் சண்டை விமானமும் அதுதான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து சில ஆண்டுகளில் சொல் சாலைக்கு இறங்கியது. 1950-ல் ஃபோர்டு ‘போலீஸ் பேக்கேஜ்’ என்ற தொகுப்பை விற்கத் தொடங்கியது. அந்த ஆண்டு சாதாரண ஃபோர்டின் வி8 எஞ்சின் 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன். போலீசுக்குக் கிடைத்ததோ மெர்க்குரி காரின் 255 கன அங்குல எஞ்சின், 110 குதிரைத்திறன். சிலிண்டரின் விட்டம் இரண்டிலும் ஒன்றே. பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் மட்டும் கால் அங்குலம் கூடுதல். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்தக் கூடுதல் திறன் எஞ்சினுக்குத்தான் இன்டர்செப்டர் என்ற பெயர் ஒட்டியது.

எஞ்சினைப் போலவே கியர்பாக்ஸையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஸ்டியரிங் தண்டில் கியர்க்கம்பி கொண்ட மூன்று கியர் வண்டி மலிவானது. எஞ்சினின் இழுவையை வீணாக்காதது. அதனுடன் ஓவர்டிரைவ் சேர்த்தால் நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுழற்சி ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். நகரத்தில் நின்று நின்று ரோந்து போகிறவருக்கோ கிளட்ச் மிதிப்பதே பெரும்பாடு. அவருக்கு 1951-ல் வந்த ஃபோர்டோமேட்டிக் போன்ற ஆட்டோமேட்டிக் வசதி. ஆனால் அதன் திரவ இணைப்பில் இழுவை கொஞ்சம் நழுவும். இந்த இழுபறியை 1955-ல் கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்படை வாங்கிய 268 பியூக் கார்களில் பார்க்கலாம். சிறிய ஸ்பெஷல் மாடலின் இரண்டு கதவு உடலுக்குள் செஞ்சுரி மாடலின் 236 குதிரைத்திறன் எஞ்சின். கியரில் மட்டும் ஒருமித்த முடிவில்லை: ஏறக்குறைய பாதி வண்டிகள் கையால் கியர் போடுபவை, மீதி டைனாஃப்ளோ ஆட்டோமேட்டிக்.

1958-ல் ஃபோர்டு அந்தப் பெயரைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. புதிய 332, 352 கன அங்குல எஞ்சின்கள் இன்டர்செப்டர் என்ற பெயரிலேயே ஷோரூமுக்கு வந்தன. பெரியது 300 குதிரைத்திறன். 1966-ல் வந்த 428 கன அங்குல, 360 குதிரைத்திறன் எஞ்சினோ ‘போலீஸ்’ என்ற அடைமொழியோடு வந்தது. அதுவும் காவல்துறைக்குள் அடங்கவில்லை. மறு ஆண்டே ஷெல்பி ஜிடி500 பந்தயப் பாணிக் காருக்குள் ஏறிவிட்டது.

எஞ்சினை விட்டுப் பெயர் முழுக் காருக்கும் ஏறியது பிற்பாடு. 2011 வரை தயாரான ‘கிரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர்’ காரில் 4.6 லிட்டர் வி8 எஞ்சின் ஒன்றுதான், நான்கு கியர் ஆட்டோமேட்டிக் ஒன்றுதான். தேர்ந்தெடுக்கப் பல எஞ்சின்கள் இருந்த காலத்தில், எதைத் தேர்ந்தோம் என்று காட்ட ஒரு பெயர் வேண்டியிருந்தது. தேர்வே இல்லை என்றானபோது எஞ்சினுக்குத் தனிப்பெயர் எதற்கு? பெயர் வண்டியின் பின்புறத்துக்கு இடம்பெயர்ந்தது.

இச்சொல்லுக்குச் சென்னையிலும் ஒரு கிளை உண்டு. அறுபதுகளில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு அமெரிக்கச் சந்தையைக் குறிவைத்து விற்ற மோட்டார்சைக்கிளின் பெயர் இன்டர்செப்டர். 2018-ல் சென்னையில் தயாராகும் 648 சிசி வண்டிக்கு அதே பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்காவில் அது ‘ஐஎன்டி650’. எண்பதுகளில் தன் வி4 பைக்குக்கு அந்தப் பெயரை வைத்த ஹோண்டாவிடம் அங்கே அதற்கான வணிக உரிமை இருக்கிறது.