ஆல் போன்சாய்: தண்டு பருத்த பிறகே தட்டுக்கு மாற்றுங்கள்

செஞ்சி, அனந்தபுரம் பகுதியில் பழைய சுவர்களில் முளைக்கும் ஆல், அரசு, இச்சிக் கன்றுகள் போன்சாய்க்கு ஏற்றவை. செஞ்சிக் கோட்டைச் சுவர்களில் மட்டும் பிடுங்காதீர்கள்; அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

கன்றை உடனே ஆழமற்ற தட்டில் நட்டால், வேர் ஓட இடமின்றித் தண்டு பருப்பது மிகவும் தாமதமாகும். முதல் 3, 4 ஆண்டுகள் தரையிலோ பெரிய தொட்டியிலோ வளரவிடுங்கள். தண்டு பருத்ததும் வேண்டிய உயரத்தில் வெட்டி, துளிர்க்கும் கிளைகளில் அலுமினியக் கம்பி சுற்றி வளையுங்கள். கிளை விரைவில் தடிக்கும். கம்பி பட்டையில் பதியும் முன் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். பதிந்த தழும்பு மறைய ஆண்டுகள் ஆகும்.

பிறகு ஆடி, ஆவணி மழையில் மூன்றில் ஒரு பங்கு வேரை நறுக்கித் தட்டுக்கு மாற்றி, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். கோடையில் காலை, மாலை இருவேளையும் தண்ணீர் அவசியம்.